சென்னை–சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? விமானத் தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடும் முறை

இரண்டு நகரங்களுக்கு இடையிலான விமானத் தூரத்தைத் தேடினால் ஓரிடத்தில் ஒரு எண், வேறிடத்தில் இன்னொரு எண் கிடைக்கும். பறக்கும் நேரமும் அப்படித்தான். பெரும்பாலும் எந்த எண்ணும் பொய்யில்லை. ஒன்று நகர மையத்திலிருந்து அளந்தது, இன்னொன்று விமான நிலையத்திலிருந்து அளந்தது, மற்றொன்று விமானம் உண்மையில் போன பாதை. நேரத்திலும் ஒன்று வானில் இருந்த நேரம், மற்றொன்று டிக்கெட்டில் அச்சான நேரம். எது எதுவென்று பிரித்துக்கொண்டால், ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உலகின் எந்த இரு ஊர்களுக்கும் பயண நேரத்தை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். சென்னை–சிங்கப்பூர் தடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் விமான நிலையத்தின் இருப்பிடம்

நகரத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுக்காதீர்கள். விமான நிலையத்தினுடையதை எடுங்கள். பெங்களூரு விமான நிலையம் நகரத்துக்குள் இல்லை, தேவனஹள்ளியில் இருக்கிறது. லண்டன் என்றால் ஹீத்ரோவா, கேட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா என்று பார்க்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் ஓடுபாதையின் மேல் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்களும் வந்துவிடும்.

சென்னை: வடக்கு 12.99°, கிழக்கு 80.17°.
சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.36°, கிழக்கு 103.99°.

இந்த இடத்தில் அதிகம் நடக்கும் பிழை பாகை–கலைக் குழப்பம் (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). சில பட்டியல்களில் சென்னை 12° 59′ என்று இருக்கும். அதை 12.59 என்று எழுதக் கூடாது. 59-ஐ 60-ஆல் வகுத்து 12.98 என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சென்னை ஏறத்தாழ 44 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும்.

அடுத்த பிழை இன்னும் பெரியது. கிரீன்விச்சுக்கு மேற்கே உள்ள தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி வேண்டும். நியூயார்க் கென்னடி நிலையம் மேற்கு 73.78°. குறியை விட்டுவிட்டால் சென்னை–நியூயார்க் தூரம் சுமார் 3,100 கிலோமீட்டர் என்று வரும். சரியான விடை 13,500-க்கு அருகில். விடை நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாக வந்தால் முதலில் இந்தக் குறியைப் பாருங்கள்.

பெருவட்டத் தூரம்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின், அதாவது பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின், ஒரு வில். அந்த வில் பூமியின் மையத்தில் எத்தனை பாகைக் கோணத்தை உண்டாக்குகிறது என்று கண்டுபிடித்தால் தூரம் கிடைத்துவிடும். கணக்கு இது:

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.0237 = 0.0053.

இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் (103.99 − 80.17 = 23.82°) கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.9744 × 0.9997 × 0.9148 = 0.8911.

இரண்டையும் கூட்டினால் 0.8964. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று தலைகீழ் கோசைன் பொத்தானால் கேளுங்கள். ஏறத்தாழ 26.3° என்று வரும்.

ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். 26.3 × 111.2 = சுமார் 2,925 கிலோமீட்டர். கடல் மைலில் வேண்டுமென்றால் அந்தப் பாகையை 60-ஆல் பெருக்கினால் போதும்: 1,578. கடல் மைல் என்பதே பெருவட்டத்தில் ஒரு கலையின் நீளத்தை ஒட்டி வைத்த அளவு, 1.852 கிலோமீட்டர். சாலை மைல் 1.609 கிலோமீட்டர்தான். விமானிகள் பேசும் மைல் எல்லாமே கடல் மைல் என்பதால், இரண்டையும் கலந்தால் 15 விழுக்காடு பிழை வந்து நிற்கும்.

பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் சற்றே தட்டை. அதனால் இந்த விடையில் அதிகபட்சம் அரை விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம். பயண நேரம் போட இது தாராளமாகப் போதும்.

கால்குலேட்டர் பாகை முறையில் இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டும் கோணத்தை ரேடியன் என்ற வேறு அலகில்தான் எடுத்துக்கொள்ளும். அங்கே ஒவ்வொரு கோணத்தையும் ரேடியனாக மாற்றிவிட்டுத்தான் சைன் போட வேண்டும். கடைசியில் வரும் கோணமும் ரேடியனாகவே இருக்கும், அதைப் பூமியின் ஆரமான 6,371-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

500 கிலோமீட்டருக்குக் குறைந்த தூரங்களுக்கு இந்த வழி சரிப்படாது. கோசைன் 1-ஐ நெருங்கிவிடுவதால் நான்கு தசம இடங்கள் போதாமல் ஏழெட்டுக் கிலோமீட்டர் தவறும். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றமே இங்கே போதும். சென்னை–பெங்களூரு: அட்சரேகை வித்தியாசம் 0.21°, அதாவது 23 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் 2.46°. அதை அந்த அட்சரேகையின் கோசைனால் (0.974) பெருக்கிப் பிறகு 111.2-ஆல் பெருக்கினால் 266 கிலோமீட்டர். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 267.

கணக்கே வேண்டாம் என்பவர்கள் கூகுள் வரைபடத்தில் கணினியில் வலது சொடுக்கி, தூரத்தை அளக்கும் வசதியைத் திறந்து இரண்டு ஓடுபாதைகளையும் தொட்டால் போதும். அதுவும் பெருவட்டத் தூரத்தையே காட்டும். ஆனால் தட்டையான வரைபடத்தின் மேல் அளவுகோல் வைத்து மட்டும் அளக்காதீர்கள். டெல்லி–சிகாகோ நேர்வழி, சுவரில் மாட்டும் படத்தில் ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் தாண்டிப் போவதுபோல் தெரியும். உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், அது மத்திய ஆசியா, ரஷ்யா வழியாக வடதுருவத்தை ஒட்டிப் போகும்.

உண்மையில் பறக்கும் பாதை

எந்த விமானமும் பெருவட்டத்தை அப்படியே பிடித்துப் பறப்பதில்லை. காற்றின் திசை பார்த்து ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து கிளம்புவது என்று முடிவாகும். கிளம்பிய பிறகு வகுத்த வழியில் திரும்ப வேண்டும். நடுவே வான்வழிப் புள்ளிகளைத் தொட்டுப் போக வேண்டும். இறங்குமிடத்தில் வரிசையில் சேர வேண்டும். 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தடங்களுக்கு 3 முதல் 5 விழுக்காடு கூட்டுங்கள். 500 கிலோமீட்டருக்குள் என்றால் 10 விழுக்காடோ அதற்கு மேலோ கூட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் கிளம்பும்போதும் இறங்கும்போதும் போடும் சுற்று, பயணத் தூரம் குறைந்தாலும் குறையாது. சிங்கப்பூருக்கு 4 விழுக்காடு வைத்தால் 3,042 கிலோமீட்டர்.

மூடிய வான்வெளி இருந்தால் எந்த விழுக்காடும் உதவாது. பாகிஸ்தான் 2019 பிப்ரவரி இறுதியில் மூடிய வான்வெளியை ஜூலை நடுவில்தான் முழுமையாகத் திறந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து ஏறக்குறைய பதின்மூன்று மணியானது. இப்படிப்பட்ட தடங்களில் தூரத்தை ஒரே கோடாகப் போடாமல், விமானம் சுற்றிப்போகும் ஓர் ஊரை நடுவில் வைத்து இரண்டு துண்டாகப் போட்டுக் கூட்டுங்கள்.

வேகம்

பயண விமானத்தின் வேகத்தை மாக் எண்ணில் சொல்வார்கள், ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்று. 11 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் −56 பாகைக் குளிரில், ஒலி மணிக்கு 1,062 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஏர்பஸ் 320 குடும்பமும் போயிங் 737-ம் ஏறத்தாழ 0.78 மாக், அதாவது மணிக்கு 830 கிலோமீட்டர். போயிங் 787, ஏர்பஸ் 350 இரண்டும் 0.85 மாக், மணிக்கு 900-ஐ ஒட்டி. சுழல்விசிறி கொண்ட ஏடிஆர் 72 மணிக்கு 500 கிலோமீட்டர்தான். டிக்கெட் பதிவு செய்யும்போது விமான வகை எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 900 என்று போடுவதுதான் பலருடைய கணக்கு பிசகுவதற்குக் காரணம்.

3,042-ஐ 830-ஆல் வகுத்தால் 3.67 மணி. இது 3 மணி 67 நிமிடம் இல்லை. 0.67-ஐ 60-ஆல் பெருக்க வேண்டும்: 3 மணி 40 நிமிடம்.

இதோடு ஏறி இறங்குவதற்கு 15 நிமிடம் சேருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. இறங்கும்போது ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் என்பது விமானிகளின் கட்டைவிரல் கணக்கு. 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல் மைல், அதாவது 200 கிலோமீட்டர் முன்னதாகவே தொடங்க வேண்டும். இருக்கைத் திரையில் இன்னும் 200 கிலோமீட்டர் என்று காட்டும்போது பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அரை மணி ஆகும்.

ஆக, காற்றே இல்லாத நாளில் வானில் 3 மணி 55 நிமிடம்.

காற்று

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் வேறு என்ற கேள்விக்குப் பூமி சுழல்வதுதான் காரணம் என்று பலர் பதில் சொல்கிறார்கள். அது சரியில்லை. பூமியோடு வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. வித்தியாசத்தை உண்டாக்குவது மேல்மட்டக் காற்று. எதிர்காற்றை விமானத்தின் வேகத்திலிருந்து கழியுங்கள், பின்னிருந்து தள்ளும் காற்றைக் கூட்டுங்கள், அவ்வளவுதான்.

நடுத்தர அட்சரேகைகளில், மேல்மட்டத்தில் வேகமாகப் பாயும் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் வலுக்கும். 2020 பிப்ரவரியில் புயல்காற்று சேர்ந்துகொண்டதால் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனால் ஒலியைவிட வேகமாக அது பறக்கவில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றோடு சேர்ந்து ஓடியது.

இதை மட்டும் படித்துவிட்டு, கிழக்கே போனால் எப்போதும் சீக்கிரம் என்று முடிவுகட்டினால் நம் ஊரில் கணக்குத் தவறும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேலே 12 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைக்காற்று ஜெட் என்று இதற்குப் பெயர். இதை 1958-இல் விரிவாக விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். விமானங்கள் இதன் மையத்துக்குச் சற்றுக் கீழே பறந்தாலும் அதன் தள்ளல் தெரியும். ஜூலையில் சிங்கப்பூர் போகும்போது சராசரியாக 60 கிலோமீட்டர் எதிர்காற்று என்று வைத்துக்கொண்டால் 3,042 ÷ 770, 3 மணி 57 நிமிடம். திரும்பும்போது 3,042 ÷ 890, 3 மணி 25 நிமிடம் (இரண்டிலும் ஏறி இறங்கும் 15 நிமிடத்தை இன்னும் சேர்க்கவில்லை). கிழக்கே போவதுதான் இங்கே மெதுவான பயணம்! குளிர்காலத்து மேலைக்காற்று ஜெட் வட இந்தியாவின் மேல் ஓடுவதால் இந்தத் தடத்தை அவ்வளவாகத் தொடாது.

அது தொடுவது சென்னை–லண்டன் தடத்தை. பெருவட்டம் 8,235 கிலோமீட்டர், 5 விழுக்காடு சேர்த்து 8,647. போயிங் 787-க்கு மணிக்கு 903 என்று வைத்து, 50 கிலோமீட்டர் காற்றுக்குக் கணக்கிட்டால் ஏறி இறங்கும் 15 நிமிடத்தைச் சேர்க்காமலே போகும்போது 10 மணி 8 நிமிடம், வரும்போது 9 மணி 4 நிமிடம். வெறும் 50 கிலோமீட்டர் காற்று ஒரு மணிக்கு மேல் வித்தியாசம் காட்டுகிறது. நீண்ட தடத்தில் காற்றை விட்டுவிட்டு, வகுத்து வந்த எண்ணை நிமிடம் வரை துல்லியமாகச் சொல்வதில் பொருளில்லை.

தரையில் கழியும் நேரம்

டிக்கெட்டில் உள்ள நேரம், நிறுத்துமிடத்திலிருந்து விமானம் பின்னுக்கு நகர்வதில் தொடங்கி, போய்ச் சேரும் இடத்தில் நிறுத்துமிடத்தில் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைவரை உருள்வது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் உருள்வது எல்லாம் அதில் அடக்கம். சிறிய நிலையங்களுக்கு இரண்டு முனையும் சேர்த்து 15 நிமிடம், சென்னை–சிங்கப்பூருக்கு 25, டெல்லி, மும்பை, ஹீத்ரோ போன்ற நெரிசலான நிலையங்களுக்கு 30 முதல் 40 நிமிடம் சேருங்கள். சிங்கப்பூருக்கு 3:55 + 0:25 = 4 மணி 20 நிமிடம். விமான நிறுவனங்கள் தாமதத்தைச் சமாளிக்க இதன்மேலும் சில நிமிடங்களை வைத்துக்கொள்ளும். அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானமும் பல நாள் சொன்ன நேரத்துக்கே வந்துவிடுகிறது.

குறுகிய பயணங்களை விழுங்குவது இந்தத் தரைநேரம்தான். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி நேர்க்கோட்டில் சுமார் 356 கிலோமீட்டர். ஏடிஆர் 72-இல் வகுத்தால், சுற்றும் சேர்த்து முக்கால் மணிக்குச் சற்று அதிகம். ஏறுவது, இறங்குவது, உருள்வது சேர்ந்ததும் ஒன்றேகால் மணி ஆகிவிடும். சென்னை–பெங்களூரு வானில் இன்னும் குறைவு. ஆனால் ஒன்றரை மணி முன்னதாக மீனம்பாக்கம் போய், தேவனஹள்ளியில் இறங்கி நகரத்துக்குள் வருவதற்குள், சென்ட்ரலில் வந்தே பாரத் ஏறியவர் ஏறத்தாழ நாலரை மணியில் பெங்களூரு போய்ச் சேர்ந்திருப்பார். 400 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணத்துக்குப் பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை கூட்டிப் பாருங்கள்.

உங்கள் விடையைச் சரிபார்க்க நல்ல வழி, ஃபிளைட்ரேடார்24 போன்ற கண்காணிப்புத் தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டுக் கடந்த சில நாட்களின் உண்மையான புறப்பாடு, வருகை நேரங்களைப் பார்ப்பது. அங்கே காட்டுவது மேலெழும்பிய நேரமா, நிறுத்துமிடத்தை விட்ட நேரமா என்று மட்டும் கவனியுங்கள்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குத் தூரக் கணக்கு பணக் கணக்கும்கூட. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் விதியின்படி விமானத் தாமதத்துக்கான இழப்பீடு 1,500, 3,500 கிலோமீட்டர் என்ற எல்லைகளை வைத்தே 250, 400, 600 யூரோ என்று பிரிகிறது. அளப்பது பெருவட்டத் தூரத்தைத்தான், சுற்றிப்போன பாதையை இல்லை. ஒரே முன்பதிவில் மாறிப் போகும் பயணமானாலும் முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையே உள்ள நேர்த்தூரமே கணக்கு. வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரமில்லை. கதவு திறந்த நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தெளிவாக்கியது. தாமதம் மூன்று மணியை ஒட்டி வந்தால், கதவு திறக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம்

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து இன்னொன்றை அப்படியே கழிக்கக் கூடாது. இரண்டையும் உலகப் பொதுநேரமான யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழிப்பதே குழப்பமில்லாத வழி. சென்னையில் இரவு 23:15-க்குக் கிளம்பி, சிங்கப்பூரில் மறுநாள் காலை 06:05-க்கு இறங்குவதாக ஒரு டிக்கெட் என்று வையுங்கள். இந்திய நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் 17:45. சிங்கப்பூர் நேரத்தில் எட்டு மணி கழித்தால் முதல்நாள் 22:05. வித்தியாசம் 4 மணி 20 நிமிடம், நாம் போட்ட கணக்கேதான்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 2006 முதல் ஒரே நேரம். மலேசியா சிங்கப்பூரைப் போல யூடிசிக்கு எட்டு மணி முன்னால். துபாய் யூடிசிக்கு நான்கு மணி முன்னால். தவறு நேர்வது கோடை நேரம் கடைப்பிடிக்கும் நாடுகளில். பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி முன்னே வைக்கிறது. கனடாவின் டொரண்டோவில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. இடையில் உள்ள அந்த வாரங்களில் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் ஐந்து மணி வித்தியாசம் இல்லை, நான்குதான். லண்டனில் மாறி டொரண்டோ போகிறவர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிந்தைய வாரங்களிலும் அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிந்தைய வாரத்திலும் கணக்கை மறுபடி போட வேண்டும்.

நேரத்தோடு சிறியதாக +1 என்று இருந்தால் மறுநாள், +2 என்றால் அதற்கடுத்த நாள். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போனால் தேதிக்கோட்டைத் தாண்டுவதால், கிளம்பிய அதே தேதியில் கிளம்பிய நேரத்துக்கும் முன்னதாக இறங்கலாம். யூடிசியில் கழித்தால் இதுவும் தானாகச் சரியாகிவிடும்.

சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவைத் தாண்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:40 என்று இருந்தால் அது 14-ஆம் தேதி இரவு படுக்கப் போகும் நேரத்துப் பயணம். மூன்று மணி முன்னதாக என்றால் 14-ஆம் தேதி இரவு 21:40-க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போனால் விமானம் அன்று நள்ளிரவு தாண்டியதுமே போயிருக்கும். கைப்பேசியில் நினைவூட்டல் வைக்கும்போது விமானம் கிளம்பும் நேரத்தைப் போடாமல், வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய தேதியையும் கிழமையையும் நேரத்தையும் போட்டு வையுங்கள்.